அச்சுக்குப் போய்த் திரும்பாத பக்கங்கள்

அந்த வழக்கில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடந்தன. படம் யாருடையது? அந்தப் படம் இருக்கிற காகிதம் யாருடையது? சட்டத்துக்கு இவை வேறு வேறு சொத்துகள். பத்திரிகை உலகத்தில் யாரும் அப்படிப் பிரித்துப் பார்த்துப் பழகவில்லை. அதனால்தான் ஓர் ஓவியரின் மகளும், அந்த ஓவியரை உயிராக நேசித்த ஒரு சேகரிப்பாளரும் நீதிமன்றத்தில் எதிரெதிராக நிற்க நேர்ந்தது. சமரச ஷரத்துப்படி பெயர்களை வெளியில் சொல்லக் கூடாது. ஓவியர், மகள், சேகரிப்பாளர் என்றே எழுதுகிறேன்.

மகள் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அப்பா 1960களிலும் 70களிலும் ஒரு தமிழ் வார இதழுக்குப் படக்கதை வரைந்தவர். ராஜா ராணிக் கதை, கடற்கொள்ளைக் கதை, வாரத்துக்கு இரண்டு பக்கம். இதழ் 70களின் கடைசியில் நின்றுபோனது; அதற்குச் சற்று முன்பே அவரும் காலமாகிவிட்டார். பல ஆண்டுகள் கழித்து, சென்னையில் ஒரு கலைக்கூடம் அந்தச் சேகரிப்பாளரிடமிருந்த பழைய படக்கதைகளின் ஒரிஜினல் பக்கங்களைக் காட்சிக்கும் விற்பனைக்கும் வைப்பதாக அறிவித்தது. அந்தக் கண்காட்சியின் கையேட்டோடு மகள் என் வழக்குரைஞர் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு பக்கத்தில் ராணி திரையை விலக்கிக்கொண்டு நிற்கிறாள். “இந்த வளையல் எங்கம்மாவோடது சார். அப்பா வரையறப்போ அம்மா கையை நீட்டிக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்க. அடுப்புல சோறு கொதிச்சாலும் எழுந்திருக்க விட மாட்டார்” என்றார். கையேட்டில் அந்தப் படத்துக்குக் கீழே ‘ஓவியர்: தெரியவில்லை’ என்று அச்சிட்டிருந்தார்கள். பக்கங்கள் விலைக்கு வந்ததைவிட அந்த வரிதான் அவரை நீதிமன்றம் வரை நடக்க வைத்தது.

ஒரிஜினல் என்றால் என்ன என்று தெரிந்தால்தான் வழக்கின் கனம் புரியும். லெட்டர்பிரஸ் காலத்தில் படக்கதைப் பக்கத்தை அச்சில் வரும் அளவைவிடப் பெரிதாக, கெட்டி அட்டையில் வரைவார்கள். முதலில் பென்சில், அதன்மேல் தூரிகையாலும் நிப்பாலும் இண்டியன் இங்க். பிழை வந்த இடத்தில் வெள்ளை போஸ்டர் கலர். வசனத்தை அச்சுக்கோத்து எடுத்த துண்டுகளைக் கோந்து தடவி ஒட்டுவார்கள். பிளாக் செய்யும் கேமரா நீலத்தைப் பார்க்காது என்பதால் குறிப்புகளையெல்லாம் நீலப் பென்சிலில் எழுதுவார்கள். ஓரத்தில் எத்தனை அங்குலத்துக்குச் சுருக்க வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். துத்தநாகத் தகட்டில் பிளாக் அரித்து எடுத்ததும் அட்டையின் வேலை முடிந்தது. அது ஆசிரியர் அறைக்குத் திரும்பி வந்து அலமாரியில் சேரும். அச்சான பிரதி ஆயிரக்கணக்கில் வீடுகளுக்குப் போகும். கை பட்ட பக்கம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். சேகரிப்பவர்கள் தேடி அலைவது அந்த ஒன்றைத்தான். வாசகன் பார்த்திராத தயக்கமும் திருத்தமும் அதில் இருக்கின்றன. வெள்ளை பூசிய இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஓவியர் முதலில் வேறு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார் என்பது தெரியும்.

இந்த அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எந்த ஊரிலும் முதலில் தோன்றவில்லை. அமெரிக்காவில் ஜாக் கிர்பி, கேப்டன் அமெரிக்காவையும் ஃபென்டாஸ்டிக் ஃபோரையும் உருவாக்கியவர்களில் ஒருவர், தான் வரைந்த பக்கங்களைக் கேட்டு 1980களில் மார்வெல் நிறுவனத்தோடு நெடுநாள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மற்ற ஓவியர்களுக்கு ஒரு சிறு ஒப்புதல் தாள் போதுமாயிருக்க, அவருக்கு மட்டும் நான்கு பக்க ஒப்பந்தத்தை நீட்டினார்கள். சக ஓவியர்கள் பகிரங்கமாகக் குரல் கொடுத்த பிறகு, 1987இல் ஏறத்தாழ இரண்டாயிரம் பக்கங்கள் அவருக்குத் திரும்பின. அவர் வரைந்தவற்றில் அது சிறு பங்குதான். கேஸ் கட்டைத் தயாரித்த நாட்களில் இந்த விவகாரத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நம் நீதிமன்றத்தில் அதைச் சான்றாகக் காட்ட முடியாது. ஆனால் வெளியிடுவதற்காகக் கொடுத்த பணம் காகிதத்துக்கான விலை ஆகாது என்ற நியாயம் எனக்கு அங்கிருந்துதான் உறுதிப்பட்டது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு. படைப்பவரே முதல் உரிமையாளர். பத்திரிகையில் சம்பள வேலையில் இருந்து வரைந்தால், பத்திரிகையில் வெளியிடும் அளவுக்கு மட்டும் உரிமை முதலாளிக்கு. மற்றதெல்லாம் அப்போதும் படைத்தவருக்கே. எங்கள் ஓவியர் சம்பளக்காரரே அல்ல. பக்கத்துக்கு இவ்வளவு என்று வவுச்சரில் கையெழுத்துப் போட்டு வாங்கியவர். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை, வருங்கால வைப்புநிதி இல்லை. அந்த வவுச்சர்களின் அடிக்கட்டைகளை மகள் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். ஆக, உரிமை முழுக்க ஓவியருடையது. அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் வாரிசுகளுடையது.

எதிர்த்தரப்பு வழக்குரைஞர் கெட்டிக்காரர். காசு கொடுத்து வரையச் சொன்னால் ஓவியத்தின் உரிமை சொன்னவருக்கே போகும் என்ற அதே பிரிவின் விதிவிலக்கை எடுத்தார். நான் இரண்டு பதில் வைத்தேன். அந்த விதிவிலக்கு வண்ண ஓவியத்தையும் உருவப்படத்தையும் சொல்கிறது. கோட்டுச் சித்திரத்தைச் சொல்லவில்லை. சட்டமே தன் வரையறைப் பகுதியில் இவற்றைத் தனித்தனியாகத்தான் அடுக்குகிறது. இரண்டாவது பதில்தான் வலுவானது: அப்படியே வைத்துக்கொண்டாலும் உரிமை இதழுக்குத்தானே போகும்? சேகரிப்பாளருக்கு இதழ் எதையும் எழுதிக் கொடுக்கவில்லையே. பதிப்புரிமை எழுத்துமூலம்தான் கைமாறும். கலைக்கூடம் பக்கங்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு விற்ற நகல் படங்களுக்கு முதல் வாய்தாவிலேயே இடைக்காலத் தடை கிடைத்துவிட்டது.

காகிதம்தான் சிக்கல்.

எழுதிக் கொடுக்காத வரை அட்டை ஓவியருடையது, இதழ் அதை அச்சுக்காக வாங்கி வைத்திருந்தது, அவ்வளவே என்றோம். ஒப்பந்தச் சட்டத்தின் 148ஆம் பிரிவு இதற்குப் பொருந்தும்: ஒரு காரியத்துக்காகப் பொருளை ஒப்படைத்தால், காரியம் முடிந்ததும் திருப்ப வேண்டும். இதழே உரிமையாளர் இல்லை என்றால், அங்கிருந்து எடைக்குப் போட்டவரும் இல்லை, அவரிடம் வாங்கியவரும் இல்லை. சந்தையில் பகிரங்கமாக, நல்ல எண்ணத்தோடு வாங்கினால் உரிமை வந்துவிடும் என்றொரு பழைய விதி இங்கிலாந்தில் இருந்தது. நம் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் அதை ஏற்கவில்லை. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் விற்க முடியாது.

இதற்கு எதிராக அவர்கள் கையில் இருந்தது காலவரையறை. பொருள் தவறாக எடுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அது போனால் உரிமையே அழிந்துபோகும். இதழ் மூடிய காலத்தைக் கணக்கிட்டால் நாங்கள் எப்போதோ தோற்றவர்கள். ஆனால் நேர்மையற்ற அபகரிப்பு என்றால் கணக்கு மாறும்: பொருள் யாரிடம் இருக்கிறது என்று உரியவர் முதன்முதலாக அறிந்த நாளிலிருந்து அந்த மூன்று ஆண்டு ஓடும். எங்களுக்கு அந்த நாள் கையேடு வெளிவந்த நாள். ஆக, மூடிய அலுவலகத்தை யாரோ காலி செய்தபோது நடந்தது அபகரிப்பா, வெறும் கழிவா என்பதில் முழு வழக்கும் தொங்கியது.

இங்கே ஓர் அஞ்சலட்டை கைகொடுத்தது. பக்கங்களைத் திருப்பித் தரச் சொல்லி ஓவியர் கேட்டதற்கு இதழின் ஆசிரியர் எழுதிய பதில். பக்கங்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன, கொண்டுவந்து கொடுக்க இப்போது பையன் இல்லை, சௌகரியப்பட்டபோது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நான்கு வரி. அதைவிட நல்ல சான்றாவணத்தை எந்த வழக்குரைஞரும் விரும்ப முடியாது. பொருள் ஓவியருடையது என்று வைத்திருந்தவரே ஒப்புக்கொள்கிறார். ஓவியர் போய் எடுக்கவில்லை. அப்போதே படுக்கையில் விழுந்துவிட்டார்.

பக்கங்களைப் பார்வையிட்டுப் பட்டியல் எடுக்க நீதிமன்றம் ஒரு வழக்குரைஞர் ஆணையரை நியமித்தது. இரு தரப்பும் சேகரிப்பாளர் வீட்டுக்குப் போனோம். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மாம்பலத்தில் இரண்டறை வீடு. ஓர் அறை முழுக்க இரும்பு பீரோக்கள். ஒவ்வொரு அட்டைக்கும் இடையில் பட்டர் பேப்பர். துருவேறிய குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருந்தார். கோந்து காய்ந்து உதிர்ந்த வசனத் துண்டுகளைச் சிறு உறைகளில் போட்டு, எந்தக் கட்டத்தினுடையது என்று மேலே எழுதியிருந்தார். முதல் கட்டை மூர் மார்க்கெட்டில் வாங்கினாராம். அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளோடு அந்தக் கட்டடம் 1985இல் எரிந்தது. அதற்கு முன்பே இந்த மனிதர் அதைச் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததால்தான் எங்கள் வழக்குக்குப் பொருள் என்று ஒன்று இருந்தது. மிச்சத்தை எடைக்கடைகளில் தேடித் தேடி வாங்கியிருக்கிறார்.

மகள் கதவருகே நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டில் அப்பா கை பட்ட ஒரு பக்கம்கூட இல்லை.

ஆணையர் பட்டியலில் ஒரு நோட்டுப் புத்தகமும் சேர்ந்தது. நீளமான கணக்குப் பேரேடு. கதையின் பெயர், எந்த வார இதழ், எத்தனையாவது பக்கம், வரைந்தவர் யார் என்று ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு வரி. நூலகங்களிலும் நண்பர்கள் வீட்டிலும் இருந்த பைண்டு வால்யூம்களோடு ஒப்பிட்டு எழுதியது. கையெழுத்து இல்லாத பக்கங்களுக்கு எதிரேயும் ஓவியரின் பெயர் இருந்தது. அப்படியானால் கையேட்டில் ‘தெரியவில்லை’ என்று வந்தது எப்படி? வாரிசு தேடி வந்துவிடக் கூடாது என்று கலைக்கூடத்தார் செய்த வேலை என்றுதான் நான் முடிவு செய்தேன். எதிர்வாதுரையிலும் அதே போக்கு. கையெழுத்தில்லாத பக்கங்கள் வாதியின் தந்தை வரைந்தவை என்பதை மறுத்திருந்தார்கள். பெயர் அச்சாகியிருந்தால் அவரே படைத்தவர் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். பெயர் இல்லாத பக்கங்களுக்கு நிரூபிக்கும் சுமை எங்கள் தலையில். அவை பாதிக்கும் மேல்.

குறுக்கு விசாரணையில் பேரேட்டை உடனே எடுக்கவில்லை. கையெழுத்தில்லாத ஒரு பக்கத்தை அவர் கையில் கொடுத்து, “இதை யார் வரைந்தது ஐயா?” என்று கேட்டேன். பாறைகளுக்கு நடுவே ஒரு குதிரைவீரன். அவருடைய வழக்குரைஞர் எழுந்து, சாட்சி ஓவிய நிபுணர் இல்லை என்று ஆட்சேபித்தார். நீதிபதி, தெரிந்தால் சொல்லலாம் என்றார்.

சேகரிப்பாளர் பக்கத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். “அவர்தான்” என்றார்.

எப்படித் தெரியும் என்றேன். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நீதிபதியைப் பார்த்தே பேசினார். “இந்தக் குதிரையோட பின்னங்கால் பாருங்கய்யா. தொடையிலேர்ந்து குளம்பு வரைக்கும் பிரஷ் எடுக்கவே இல்ல, ஒரே இழுப்பு. மத்தவங்க நிப்புல மூணு நாலு கோடு போட்டுச் சேர்ப்பாங்க. பாறைக்கு இங்க்ல துணியை நனைச்சு ஒத்தியிருக்கார். இதழ்ல வேற யாரும் அப்படிச் செய்யல. பெண்கள் கை வரைஞ்சா எப்பவும் ஒரே வளையல்தான், எந்தக் கதையா இருந்தாலும்.” அவருடைய வழக்குரைஞர் மீண்டும் எழுந்தபோது, “சார், என்ன வேணா சொல்றேன், படத்தைப் பத்தி மட்டும் பொய் சொல்லச் சொல்லாதீங்க” என்றார்.

எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். தன் வழக்கு உடையும் என்று தெரிந்தும் தனக்குப் பிரியமான ஒன்றுக்காக உண்மை சொன்ன சாட்சி என்றால் இவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும். மகள் எனக்குப் பின்வரிசையில் இருந்தார். வளையலை இன்னொருவர் இத்தனை காலம் கவனித்திருக்கிறார் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. வெளியே வராந்தாவில், “அவர்கிட்ட நான் பேசலாமா சார்?” என்று கேட்டார்.

வாதங்களை முடித்துத் தீர்ப்புக்கு விட்டிருக்கலாம். படைத்தவர் யார் என்பதில் வென்றுவிட்டோம். ஆனால் காகிதத்தின் மீதான காலவரையறை எந்தப் பக்கமும் சாயக்கூடியது. மேல்முறையீடு என்று போனால் இருவர் ஆயுளும் அதிலேயே கழியும். நீதிபதியும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 89ஆம் பிரிவின் கீழ், உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் இயங்கும் சமரச மையத்துக்கு அனுப்பினார்.

அங்கே நாங்கள் எழுதிய ஷரத்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது மறுவிற்பனைப் பங்கு. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் கொண்டுவந்த 53அ என்றொரு பிரிவு இருக்கிறது. ஓவியத்தின் மூலப்படி பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிலைக்குப் போனால் வரைந்தவருக்கோ வாரிசுக்கோ அதில் பங்கு உண்டு. பங்கின் அளவை உரிய அமைப்பு நிர்ணயிக்கும். அது நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகக் கூடாது. படைத்தவர் 17ஆம் பிரிவின்படி முதல் உரிமையாளராக இருந்தால்தான் இது கிடைக்கும். வவுச்சர் அடிக்கட்டைகளுக்காக நான் அத்தனை போராடியதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல பிரிவு. ஓவியர்களுக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது என்பது எனக்கு ஆறாத வருத்தம். எந்த அமைப்பிடமும் போகாமல் முழுப் பத்து சதவீதத்தை நாங்களே எழுதிக்கொண்டோம்.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. பதிப்புரிமை முழுதும் மகளுக்கு. பக்கங்களில் ஒரு பகுதியை அவர் தேர்ந்தெடுத்துக்கொள்வார். மிச்சத்தின் மீதான உரிமையைச் சேகரிப்பாளருக்கு எழுத்துமூலம் விட்டுக்கொடுப்பார். பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து ஆளுக்கொரு பிரதி, பேரேட்டின் நகலோடு. எங்கே காட்சிக்கு வைத்தாலும் ஓவியரின் பெயர் இருக்க வேண்டும். எந்தப் பக்கத்தையும் கட்டம் கட்டமாக வெட்டி விற்கக் கூடாது. இந்தக் கடைசி ஷரத்துக்காக அமர்நாத் சேகல் வழக்கின் 2005ஆம் ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். விக்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுத்துச் சிதைத்த சுவர்ச் சிற்பத்துக்காக அரசையே பொறுப்பாக்கி, எஞ்சியதைச் சிற்பியிடம் திருப்பித் தரச் சொன்ன தீர்ப்பு. அதைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை. கட்டத்துக்கு ஒரு விலை வைத்து விற்கலாம் என்று கலைக்கூடம் முன்பே கேட்டு, சேகரிப்பாளர் மறுத்திருந்தாராம்.

அதற்குப் பிறகு வெளிநாட்டுச் செய்திகள் வரும்போதெல்லாம் இந்த வழக்கு எனக்கு நினைவுக்கு வரும். டின்டின் கதையான ‘நீலத் தாமரை’க்காக எர்ஜே 1936இல் தீட்டிய அட்டைப்படம், 2021இல் பாரிஸில் 30 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது. பதிப்பாளரின் சிறுவயது மகனுக்கு எர்ஜே பரிசாகக் கொடுத்தது, மடித்து இழுப்பறையில் கிடந்தது என்று சொன்னார்கள். 2023இல் ஆஸ்டெரிக்ஸ் ஓவியர் உடெர்சோவின் அட்டைப்படம் ஒன்று பிரஸ்ஸல்ஸில் ஏலத்துக்கு வந்தபோது, அது பரிசாகக் கொடுக்கப்பட்டதல்ல என்று அவருடைய மகள் எதிர்த்தார். படம் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது. கொடுத்ததா, கொடுத்து வைத்ததா என்ற கேள்வி அங்கும் அதேதான். நான்கு வரி எழுதிய ஓர் அஞ்சலட்டை இருந்தால் போதும், இப்படிப்பட்ட வழக்கு நடக்கும் விதமே மாறிவிடுகிறது.

சமரசம் பதிவாகிச் சில ஆண்டுகள் கழித்துச் சேகரிப்பாளர் ஒரு பக்கத்தை விற்றார். மனைவியின் அறுவை சிகிச்சைக்காக. ஷரத்துப்படி முதலில் மகளிடம் வேண்டுமா என்று கேட்டார். அவரால் அப்போது முடியவில்லை. பெங்களூரில் ஒருவர் வாங்கினார். மகள் எனக்குத் தொலைபேசினார். “பத்து பர்சென்ட் செக் வந்திருக்கு சார். வாங்கினவர் அட்ரஸும் எழுதி அனுப்பியிருக்கார். அந்தக் கதையில அதுக்கு முந்தின வாரப் பக்கம் என்கிட்ட இருக்கே, ஸ்கேன் காப்பி ஒண்ணு அவருக்கு அனுப்பட்டுமா? அது இல்லாம ராணி ஏன் திரையை விலக்கறாள்னு அவருக்குப் புரியாதே.”

உரிமை உங்களுடையதுதான் அம்மா, தாராளமாக அனுப்புங்கள் என்றேன்.